வேலி இல்லாத வயலும் கோதுமைக்குள் ஒரு பாதையும்

(நாட்டிங்ஹாமில் தமிழ்ச் சங்க ஆண்டு விழா ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய கவுன்சிலர் அம்மா அவர்களே (இந்த ஊர் மார்ச் மாதத்துக்குக் கம்பளியாகவே போர்த்தியிருக்கலாம்), தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்ட அண்ணன் அவர்களே, காலையிலிருந்து சமையற்கட்டில் நின்றுகொண்டிருப்பதால் இதைக்கூடக் கேட்க முடியாத நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இங்கிலாந்தின் கிராமம்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நிலம், மாதா கோயில், நடைபாதை என்று மூன்றைப் பற்றியும் பேசக் குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை! என் பேச்சை முன்பே கேட்டவர்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சாகும்வரை இதைத்தான் சொல்வேன்.

முதலில் நிலம். நடு இங்கிலாந்தில் காரில் போகும்போது நாம் பார்க்கிற பச்சைக் கட்டங்கள், முட்செடி வேலிகள் எல்லாம் ஆதியிலிருந்தே இருந்தவை என்று நினைக்கிறோம். பெரும்பாலானவை அப்படியல்ல. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்கள் போட்டுப் பொது வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் பங்கு பிரித்துக் கொடுத்தது. பங்கு வாங்கியவர் வேலி போட்டார். ஒரு மாடும் சில வாத்துகளும் வைத்துப் பிழைத்தவர் வேலிக்கு வெளியே நின்றார்.

அதற்கு முன்னால் நிலம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமா? இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, லாக்ஸ்டன் என்ற கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என்று மூன்று பெரிய வயல்கள், உள்ளே வேலியே கிடையாது. ஒவ்வொரு விவசாயிக்கும் மூன்றிலும் நீளநீளத் துண்டுகளாக நிலம். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதைத் தரிசாகப் போடுவது பழைய வழக்கம். 1635இல் வரைந்த ஊர் வரைபடம் இன்றும் இருக்கிறது. நிலம் ஊரைச் சுற்றிச் சிதறிக் கிடப்பதால், பண்ணை வீடுகள் ஊருக்குள்ளேயே தெருவை ஒட்டி நெருங்கி நிற்கின்றன.

நவம்பர் கடைசியில் ஊர் விவசாயிகளே ஜூரிகளாகி, அந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். எல்லை மங்கிய இடத்தில் முளைக்குச்சி அடிக்கிறார்கள். பொதுப் புல்தரைக்குள் ஏர் ஓட்டியவருக்கு அபராதம் உண்டு. ஒரு வாரம் கழித்து ஊர் நீதிமன்றத்தில் விசாரணை. அந்த நீதிமன்றம் கூடுகிற இடம் ஊர் பப்! தலைவரே, நம் செயற்குழுவையும் அங்கே கூட்டிப் பார்க்கலாம், வராதவர்களும் வருவார்கள்.

மாதா கோயில் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் பாதைக்கு வந்துவிடுகிறேன், அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டீர்கள், இல்லையென்றாலும் அதற்குத்தான் வந்தேன்.

ஒரு கோடையில் நம் குடும்பங்கள் சேர்ந்து நடக்கப் போனோம். புளியோதரைத் தூக்கு, குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா. வரைபடத்தைப் பார்த்தால் பாதை கோதுமை வயலுக்கு நட்ட நடுவே போகிறது. பெரியம்மா நின்றுவிட்டார். "விளைஞ்ச பயிரை மிதிக்கவா கூட்டிட்டு வந்தீங்க? பாவம்டா!" சரி என்று எல்லோரும் வரப்போரமாகச் சுற்றினோம். அந்த நேரம் பார்த்து டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் இறங்கி வருகிறார். போச்சு, கேஸ் போடப்போகிறார் என்று ஒருவர் தூக்கைப் பின்னால் மறைத்தார்! புளியோதரையை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த விவசாயி கேட்டது: "ஏன் ஓரமாகப் போகிறீர்கள்? பாதை அதோ, நடுவில்." பயிருக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டிவிட்டிருந்தார். வயலைக் குறுக்கே கடக்கும் பாதையை உழுதாலும் அதே இடத்தில் திரும்ப அமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். ஓரத்தில் நடந்தால்தான் அவருக்குத் தொந்தரவாம். பெரியம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கதிர் மேல் முந்தானை படாமல் நடந்தார். அந்த மனிதர் வாயடைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். புளியோதரை கொடுத்தோம். "காரம்" என்றார், மறுபடி வாங்கினார். நடந்தால் நாடெல்லாம் உறவு!

அடுத்தவர் நிலத்துக்குள்ளும் இப்படி நடக்கிற உரிமை சும்மா வரவில்லை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கௌட் மலையில் தடையை மீறி நூற்றுக்கணக்கான தொழிலாளிகள் ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் சட்டம் வந்து, பாதைகளையெல்லாம் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. ஏறாமல் விட்டுப்போனவை இன்னும் இருக்கின்றன. பொதுமக்கள் 20 ஆண்டு தடையில்லாமல் நடந்த வழியைப் பொதுப்பாதையாகப் பதிவு செய்யக் கேட்கலாம். யாரும் நடக்காவிட்டால் முட்செடி மூடும், பூட்டு விழும். கவுன்சிலர் அம்மா குறித்துக்கொள்கிறார்கள், நன்றி. பூட்டிய பாதைகளின் பட்டியல் என் பையில் இருக்கிறது, இறங்கியதும் தருகிறேன்.

தலைவர் மணி அடித்துவிட்டார். மாதா கோயில் அடுத்த ஆண்டு. நம்மில் வாரக்கடைசி முழுக்கச் சோபாவில் கிடப்பவர்களுக்காக மறுபடி சொல்கிறேன், படுத்தால் பாயும் பகை! வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டப வாசலிலிருந்து லாக்ஸ்டன் புறப்படுகிறோம். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்து மேசையில் பெயர் கொடுங்கள். மழைக்கோட்டு கட்டாயம், புதுச் செருப்பு வேண்டாம், புளியோதரை நான் கொண்டு வருகிறேன். வணக்கம்.