பாட்டிலுக்குப் பத்து ரூபாய், டி.வி.க்கு எவ்வளவு?

(குன்னூர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, மப்ளர் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, சகோதரிகளே, நண்பர்களே, வணக்கம். எனக்கு முன்னால் தலைமையாசிரியை அம்மா பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேசி வாங்கிய கைதட்டலை நான் கெடுக்காமல் இருந்தால் போதும். செயலாளர் பொன்னாடை போர்த்தினார், நன்றி. இந்தக் குளிருக்குக் கம்பளியாக இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். உறுப்பினர் ஐயா இந்த மழையிலும் வந்திருக்கிறார், கடைசி வரை இருப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அவர் எழுந்து போவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மூன்று செய்திகள். ஒன்று, மின்னணுக் கழிவில் என்ன இருக்கிறது. இரண்டு, அதை யார் திரும்ப எடுக்க வேண்டும். மூன்று, பழைய பேட்டரி. என் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவார்: உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி கேட்பேன்.

முதல் செய்தி சுருக்கமாக. செல்போனில் தங்கமும் செம்பும் இருக்கின்றன. பழைய பெட்டி டி.வி.யின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. 2022-ல் மட்டும் உலகத்தில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான். அது உலகத்தின் கணக்கு. என் வீட்டுக் கணக்கில் ஒரே ஒரு டி.வி.

அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டி.வி. பல வருஷம் உழைத்தது. எல்.இ.டி. டி.வி. வந்ததும் அதை பீரோவின் மேலே ஏற்றி, என் மனைவி பூ வேலை செய்த துணியால் மூடி வைத்தார். நான்கு வருஷம் சாமி மாதிரி இருந்தது. போன தை மாதம் வெள்ளை அடிக்கும்போது இறக்கினோம். பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் பின்மூடியைக் கழற்றி, குழாயின் கழுத்தில் சுற்றியிருந்த செம்புக் கம்பிச் சுருளைத் தொட்டுக் காட்டினார். "சார், இதை மட்டும் எடுத்துக்கறேன். கண்ணாடியை நீங்களே கொண்டு போயிடுங்க." புது டி.வி. வாங்கின கடையில், அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். கம்பெனியின் இலவச எண்ணுக்குப் போன் செய்தேன். பின்கோடு கேட்ட பெண், "உங்கள் பகுதியில் சேவை இல்லை, கோயம்புத்தூர் கொண்டு வாருங்கள்" என்றார்.

சரி, கொண்டு போவோம். பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பக்கத்தில் இருந்த பாட்டி, "ஓடுதா தம்பி?" என்றார். ஓடாது என்றேன். "ஓடாததை எதுக்குக் கீழே கூட்டிட்டுப் போறே?" ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. பர்லியாறு வளைவுகளில் பத்துக் கிலோவை மடியில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அவர்கள் சொன்ன முகவரியில் பூட்டு. இடம் மாறிவிட்டதாம். சாயங்காலம் திரும்பி ஏறினால் அதே கண்டக்டர். "என்ன சார், மாமியார் வீட்டில் சேர்க்கலையா?" என்று இன்னொரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். பஸ்ஸே சிரித்தது. டி.வி. இப்போது என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.

உப்பைத் தின்றவர் யார்? விற்றவர். தண்ணீர் தேடி அலைந்தவர் யார்? நான்.

செய்தவனே திரும்ப எடுக்க வேண்டும் என்ற இந்த யோசனைக்கு 1990-ல் ஸ்வீடனில் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் என்ற ஆய்வாளர் உருவம் கொடுத்தார். நம் நாட்டில் 2011-லேயே விதி வந்தது, 2012 மே முதல் அமலானது. 2016 விதிகளில் ஒரு நல்ல வாசல் இருந்தது: விற்கும்போது டெபாசிட் வாங்கி, பழையதைத் திருப்பித் தந்தால் வட்டியோடு கொடுக்கலாம் என்று. கம்பெனி விரும்பினால் செய்யலாம் என்று விட்டார்கள். விரும்பினால் என்றால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். 2023 ஏப்ரலில் அமலான புது விதிகளில் 106 வகைப் பொருட்கள் இருக்கின்றன. கம்பெனி தன் இலக்குக்கு ஏற்ப, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம், இவ்வளவு கழிவு மறுசுழற்சி ஆகிவிட்டது என்ற சான்றிதழ் வாங்கினால் போதும். எங்கோ சமவெளியில் ஒரு டி.வி. உடைபடும், கணக்கு நேராகிவிடும். என் மாடிப்படி டி.வி. அப்படியே இருக்கும். சான்றிதழ் மலை ஏறாது ஐயா.

மலையடிவாரத்தில், கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறோம். நல்லது, நான் எதிர்க்கவில்லை. ஆனால் மேலே ஏறுவதைத்தான் பார்க்கிறோம். இங்கே வீணாய்ப் போனதைக் கீழே இறக்க வழி வைக்கவில்லை. ஒட்டுப்பட்டறையில் நம் ஊர்க் குப்பைக் கிடங்குக்கு வந்து சேருவதில் எத்தனை சார்ஜர், எத்தனை பல்பு! குன்னூர் ஆறு பவானியில் போய்ச் சேருகிறது என்பதை மேட்டுப்பாளையத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

கொடைக்கானலைப் பாருங்கள். 2001-ல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி, பாதரசத்தோடு, ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. மக்கள்தான் கண்டுபிடித்தார்கள், மக்கள்தான் போராடினார்கள். ஆலை மூடியது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தான், அரை டம்ளர். பாதரசம் கலந்த மண் அங்கேயே கிடந்தது.

நம் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது, சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். 2022-ல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். அப்புறம் தேயிலைக் காட்டில் பாட்டில் பொறுக்குவதற்கே ஆள் வந்தார்கள். காட்டெருமையின் காலில் குத்துகிற கண்ணாடிக்கு அந்தப் பத்து ரூபாய் காவல். குடிக்கிறவரிடம் டெபாசிட் வாங்க முடிகிறது, பத்தாயிரம் ரூபாய் போன் விற்கிறவரிடம் கேட்க முடியாதா? போனுக்கு ஐந்நூறு, டி.வி.க்கு ஆயிரம் என்று வையுங்கள். விற்ற கடையே திரும்ப வாங்கட்டும், இறக்குகிற லாரி வாடகையைக் கம்பெனி கொடுக்கட்டும். வணிகர் சங்கப் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டாம், உங்களுக்குக் கமிஷனும் கேட்டுத்தான் மனு எழுதியிருக்கிறேன்.

செயலாளரிடமிருந்து இரண்டாவது துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பேட்டரியை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். மனு வாசலில், டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கையெழுத்து உறுப்பினர் ஐயாவுடையது என்று அவரைக் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறேன், மன்னிக்க வேண்டும். ஐயா, பேனா என்னிடம் இருக்கிறது.