பலகையின் கடைசி வரி

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 16,000க்கும் மேற்பட்ட வரலாற்றுப் பலகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை அலுமினிய வார்ப்பு. அரசு தானாகத் தேடிப்போய் இவற்றை நடுவதில்லை. உள்ளூர்க்காரர் யாராவது ஆதாரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும்; மாநில வரலாற்று ஆணையம் ஒப்புக்கொள்ள வேண்டும். செலவும் பெரும்பாலும் கேட்டவர் தலையில்தான். சரி, அப்படியென்றால் யார் கதை முதலில் பலகை ஏறும்? நீங்களே ஊகிக்கலாம்.

மேற்கு டெக்சாஸில் மார்ஃபா என்று ஒரு சிற்றூர். 1883இல் ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடமாகத் தொடங்கியது. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஊரில் 2,000 பேர்கூட இல்லை. 1886இல் எழுந்த நீதிமன்றக் கட்டடம் ஊருக்கே பெருமை.

இந்தப் பலகைகளின் அடியில் நட்ட ஆண்டு இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மார்ஃபாவுக்கு மேற்கே, 90ஆம் நெடுஞ்சாலையோரம் நிற்கும் ஒரு பலகையில் அந்த ஆண்டு 2018. அது சொல்லும் சம்பவம் நடந்தது 1918 ஜனவரி 28.

ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் போர்வெனிர் என்ற குக்கிராமம். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் நாளில் பிரைட் பண்ணையில் கொள்ளை நடந்திருந்தது. சந்தேகம் போர்வெனிர் மீது விழுந்தது. ஆதாரம் எதுவும் இல்லை. மாநிலக் காவல் படையான டெக்சாஸ் ரேஞ்சர் படையினரும் பண்ணைக்காரர்கள் சிலரும் இரவில் வந்து, மெக்சிக வம்சாவளி ஆண்களும் சிறுவர்களுமாக 15 பேரைக் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். மிச்சமிருந்தவர்கள் ஆற்றைக் கடந்து மெக்சிகோவுக்கு ஓடினார்கள். இறந்தவர்களைப் புதைத்ததும் அக்கரையில்தான். ரேஞ்சர்கள் சிலருக்கு வேலை போனது. வழக்கு யார் மீதும் இல்லை. பலகைக்கும் மாவட்டத்திலேயே எதிர்ப்பு எழுந்து, வேலை கொஞ்ச நாள் நின்றுபோனது. நூறு வருஷம் கழித்தும்!

மார்ஃபா ஊருக்குள் பிளாக்வெல் பள்ளி. 1909 முதல் 1965 வரை மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியாக வைத்துப் படிப்பித்த இடம். ஸ்பானிய மொழி பேசினால் பிரம்படி மாதிரி மரத்தட்டால் அடி. 1954இல், ஸ்பானியம் பேச மாட்டோம் என்று பிள்ளைகளையே காகிதத் துண்டுகளில் எழுதவைத்து, பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தருகே புதைக்கச் செய்தார்கள். 'மிஸ்டர் ஸ்பானிஷ்' சவ அடக்கமாம்.

கட்டடத்தை இடிபடாமல் காத்தவர்கள் அங்கே படித்த முன்னாள் மாணவர்கள். 2022இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கச் சட்டம் வந்தது. இப்போது அது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.