மாட்டுக்குப் பின்னாடி ரெண்டு கண்ணு, என் மேசையில நாலு பல்பு

வணக்கம் மக்களே! வேற எதுவும் பேசுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. மின்னுதா? மின்னுது! மூணு ராத்திரி தூக்கத்தை முழுங்கின சனியன் இது.

போன வீடியோவுல "சிங்க லைட்டு" செஞ்சு காட்டுறேன்னு வாயை விட்டேன்ல, அதுதான் இது. புதுசா வந்தவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். கென்யாவுல நைரோபி தேசியப் பூங்காவை ஒட்டி, மாடு வளர்க்கிற மாசாய் இனத்துல ஒரு குடும்பம். மாடு பார்த்துக்கிட்டது ரிச்சர்ட் டுரேரேங்கிற சின்னப் பையன். ராத்திரி ஆனா சிங்கம் வந்து மாட்டை அடிச்சிட்டுப் போயிடும். தீ மூட்டிப் பார்த்தான், அது சிங்கத்துக்கு வெளிச்சம் பிடிச்சுக் கொடுத்த மாதிரி ஆச்சு. சோளக்கொல்லை பொம்மை வெச்சான், முதல் நாள் வேலை செஞ்சுது, அடுத்த நாளே "இது அசையவே மாட்டேங்குதே"ன்னு கண்டுபிடிச்சிடுச்சு. ஒரு ராத்திரி இவன் டார்ச்சோட பட்டியைச் சுத்தி நடந்தப்ப சிங்கம் கிட்டவே வரல. வெளிச்சம் அசைஞ்சா, ஆள் முழிச்சிருக்கான்னு அது நினைக்குது. அவ்வளவுதான் சூட்சுமம். பழைய கார் பேட்டரி, பைக் இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்ன வைக்கிற பிளாஷர், உடைஞ்ச டார்ச்சுல இருந்து பல்பு, இதையெல்லாம் கோத்து ஒண்ணு மாத்தி ஒண்ணு மின்ன வெச்சான். அப்ப அவனுக்கு வயசு 11! 2013ல டெட்ங்கிற (TED) உலகப் பேச்சு மேடையில ஏறி அதைப் பேசினான்.

11 வயசுப் பையன் செஞ்சதை நம்மால முடியாதான்னு உட்கார்ந்தேன். முடியல. வயரைக் கொடுத்தா பல்பு எரியுது, மின்னல. சும்மா கல்யாண வீட்டு லைட்டு மாதிரி ஜெகஜோதியா நிக்குது. பேட்டரியை மாத்தினேன், வயரை மாத்தினேன், பிளாஷரை ரெண்டு தட்டு தட்டினேன். ம்ஹூம். மூணாவது ராத்திரிதான் உறைச்சுது. என்கிட்ட இருந்தது பழைய ரக பிளாஷர். உள்ள ஒரு தகடு சூடாகி வளைஞ்சாதான் லைட்டு அணைஞ்சு எரியும். நான் போட்டது எல்இடி. அது குடிக்கிற மின்சாரம் துளியூண்டு, தகடு சூடாகவே இல்ல! கூட ஒரு பழைய குண்டு பல்பை இணைச்சேன் பாருங்க, டிக் டிக் டிக்... அந்தச் சத்தத்துக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சிரிக்காதீங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த வீடியோவே கோவத்துல எடுக்கிறதுதான். சிறுத்தை ஊருக்குள்ள வந்த வீடியோ எது வந்தாலும் கீழ ஒரே கமெண்ட்டு: "புடிச்சு வேற காட்டுல விட வேண்டியதுதானே." எனக்கு உலகத்துலயே பிடிக்காத யோசனை இது. மகாராஷ்டிராவுல ஜுன்னர் பக்கம் இதைச் செஞ்சு பார்த்தாச்சு. 2001ல இருந்து சிறுத்தைகளைக் கூண்டு வெச்சுப் பிடிச்சு, வேற இடத்துல கொண்டுபோய் விட்டாங்க. என்னாச்சு? மனுஷங்க மேல தாக்குதல் குறையல, கூடிப்போச்சு, அதுவும் விட்ட இடத்தைச் சுத்தி. காட்டுயிர் ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயாவோட குழு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. யோசிச்சுப் பாருங்க, சிறுத்தைக்குன்னு ஒரு எல்லை இருக்கு, எந்தக் கரும்புத் தோட்டத்துல நாய் கிடைக்கும்னு தெரியும், மனுஷன் கண்ணுல படாம போகத் தெரியும். அதைத் தூக்கி அறிமுகமில்லாத இடத்துல விட்டா? பழைய இடம் காலியாயிடுச்சுன்னு அங்க இன்னொரு சிறுத்தையும் வந்து உட்காரும்.

அதனாலதான் பட்டியைச் சரிபண்றவங்கதான் எனக்கு ஹீரோ. லடாக்குல பனிச்சிறுத்தை கூரைச் சந்து வழியா பட்டிக்குள்ள குதிச்சா ஒரு ஆட்டோட நிறுத்தாது, ஆடுங்க எல்லாம் தப்பிக்க வழியில்லாம சுத்திச் சுத்தி ஓடும், அது கண்டபடி கொன்னுடும். அங்க மேல கம்பி வலையும் உறுதியான கதவும் போட்டுக் கொடுத்தாங்க. நமீபியாவுல சிவிங்கிப்புலி பாதுகாப்பு நிதியம் 1994ல இருந்து பெரிய காவல் நாய் கொடுக்குறாங்க. நாய் ஆட்டோடவே வளருது, சிவிங்கிப்புலி கிட்ட வந்தா குரைச்சே விரட்டிடும்.

ஆனா என் செல்லம் ஆப்பிரிக்காவுல இருக்கிற போட்ஸ்வானா நாட்டு மாடுதான். ஒகவாங்கோ டெல்டா பக்கத்துல மாட்டுப் புட்டத்துல பெயிண்டால ரெண்டு கண்ணு அச்சடிச்சாங்க! சிங்கம், சிறுத்தை மாதிரி பூனை இனம் பதுங்கிப் பாயறது. "பார்த்துட்டாங்க"ன்னு தோணினா பல சமயம் விட்டுடும். நாலு வருஷம், 14 மந்தை. கண்ணு வரைஞ்ச 683 மாட்டுல ஒண்ணுகூடச் சாகல. ஒண்ணும் வரையாத 835ல 15 போச்சு. 2020ல முடிவு வெளியாச்சு.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். இன்னும் 543 மாட்டுக்குக் கண்ணுக்குப் பதிலா வெறும் பெருக்கல் குறி போட்டிருந்தாங்க. அதுல செத்தது 4தான்! குறி இல்லாததை விட அதுவும் தேவலாம். எனக்கு அதான் மண்டைக் குடைச்சல். புதுசா எதையாவது பார்த்தாலே சிங்கம் தயங்குதோ? அப்படின்னா பழகிட்டா? பொம்மைக்கு ரெண்டாம் நாள் ஆன கதைதான். இன்னொண்ணு, ஒவ்வொரு மந்தையிலயும் வரையாத மாடும் கூட நின்னுச்சு. எல்லாத்துக்கும் வரைஞ்சிட்டா என்ன பண்ணும்னு அந்தக் கணக்கு சொல்லாது. அதனால, "கண்ணு வரைஞ்சுட்டேன், பட்டிக் கதவு உடைஞ்சா பரவாயில்ல"ன்னு யாரும் கெளம்பிடாதீங்க.

கமெண்ட்டுல ஒருத்தர், சிறுத்தையை நேர்ல பார்த்துட்டா என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாரு. ஓடாதீங்க, குனியாதீங்க, குத்தவெச்சு உட்காராதீங்க. சின்ன உருவமா தெரிஞ்சா இரைன்னு நினைச்சுக்கும். முகத்தைக் காட்டிக்கிட்டே மெல்லப் பின்னாடி வாங்க. குழந்தையைத் தூக்கிக்கோங்க, ஆனா குனியாம. எப்படின்னு கேட்காதீங்க, முழங்காலை மடக்கித்தான். இருட்டுன பிறகு தனியா வெளிய போகாதீங்க, டார்ச்சோட சத்தமா பேசிக்கிட்டே போங்க. போன்ல பாட்டுப் போட்டாலும் சரி.

இருங்க, ரூம் லைட்டை அணைச்சுட்டு இருட்டுல இது எப்படித் தெரியுதுன்னு காட்டுறேன். ரெடியா? ஒண்ணு... ரெண்டு... ஏய், மூணாவது ஏன் எரியல? இப்பதானே எரிஞ்சுது! அந்தக் குண்டு பல்பு லூஸ் ஆயிடுச்சு போல. ஒரு நிமிஷம்...