கறிவேப்பிலையில எச்சம் மாதிரி புழு, மருந்து அடிக்கலாமா?

போன வீடியோ கமெண்ட்ல ஒரு அக்கா கேட்டிருந்தாங்க, தொட்டி கறிவேப்பிலையில காக்கா எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கு, தொட்டா நாத்தம் அடிக்குது, மருந்து அடிக்கவா, பையன் பட்டாம்பூச்சின்னு சொல்றான், அப்ப பட்டாம்பூச்சி குட்டியா போடும்னு.

பையன் கரெக்ட்டுங்க. ஆனா குட்டி போடாது, முட்டைதான். ஆணும் பொண்ணும் வால்பக்கம் ஒட்டிக்கிட்டு ஆளுக்கொரு திசைய பாத்து உக்காந்திருக்கும், அப்ப ஆண் ஒரு சின்ன பொட்டலம் மாதிரி விந்த உள்ள குடுத்துரும், பொண்ணு அத ஸ்டாக் வச்சுக்கிட்டு, முட்டை வெளிய வர்ற நேரத்துலதான் கரு சேரும். மழை விட்டதும் ஈரமண்ணுல கூட்டமா உக்காந்து உறிஞ்சுமே, அதுல முக்காவாசி ஆண்தான், உப்பு சேக்குதுங்க, அந்த உப்பும் பொட்டலத்தோட பொண்ணுக்கு போகுது. சீர் வரிசைன்னு வச்சுக்கங்களேன்!

அப்புறம் பொண்ணு செடி தேடும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம், முன்னங்கால்ல இலைய தட்டி ருசி பாத்துட்டு கொழுந்துல ஒண்ணொண்ணா வைக்கும், கடுகளவுதான் இருக்கும். மூணு நாலு நாள்ல புழு வந்து முதல் சாப்பாடா முட்டை ஓட்டையே திங்கும். நாலு தடவை தோல் உரிக்கும், கடைசி உரிப்பு வரைக்கும் அந்த எச்ச வேஷம், அதுக்கப்புறம் பச்சை. நாத்தம் வர்றது தலைக்கு பின்னாடி ஆரஞ்சாவோ செவப்பாவோ ரெண்டு கொம்பு நீட்டுமே, அதுலருந்து. எறும்ப விரட்ட அது, உங்கள ஒண்ணும் பண்ணாது.

அப்புறம் கூட்டுப்புழு. குச்சியில இடுப்புக்கு ஒரு நூல கட்டிக்கிட்டு சாஞ்சு நிக்கும். பிரிச்சு ஹெல்ப் பண்றேன்னு போயிடாதீங்க, உள்ள பாதி உடம்பு கரைஞ்சு புதுசா கட்டிக்கிட்டிருக்கும். ஏறக்குறைய பத்து நாள்ல வெளிய வரும்போது றெக்கை கசங்கின துணி மாதிரி இருக்கும், றெக்கை கீழ தொங்குற மாதிரி எதையாவது பிடிச்சுக்கிட்டு அதுக்குள்ள ரத்தத்த பம்ப் பண்ணிதான் விரிக்கும். நான் ஒருதடவை கண்ணாடி பாட்டில்ல வச்சு, பிடிக்க இடமில்லாம வழுக்கி விழுந்து, றெக்கை மடங்கினபடியே காஞ்சுருச்சு, பாவம். உள்ள ஒரு குச்சி போட்டிருந்தா பொழைச்சிருக்கும்.

அதனால அக்கா, மருந்து வேணாம், அந்த இலையதான நாமளும் தாளிக்கிறோம். செடி ரொம்ப சின்னதுன்னா புழுவ இலையோட கிள்ளி பக்கத்துல எலுமிச்சை மரம் இருந்தா அதுல விட்டுருங்க.