ஒரு கூரை போதாது, ஒரு கொப்பி வேணும்

(களுவாஞ்சிக்குடியில பென்ஷன்காரர் கூட்டமொண்டில பேசினத பேசின மாதிரியே எழுதியிருக்கன்)

எல்லாருக்கும் வணக்கம். இந்தா பாருங்க, இது எங்கட அம்மாட மருந்து, ஒரு சொப்பிங் பேக் நிறைய. அம்மா மண்டூர் ஆள், சீனி, பிரஷர், முழங்கால் நோ, மூணும் இருக்கு. சீனிக்கும் பிரஷருக்கும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி கிளினிக், முழங்காலுக்கு டவுன்ல தனியாக் காசு கட்டி சனல் பண்ணி ஒரு டொக்டர். அவர் டைக்ளோபினாக் எண்ட நோக் குளிசை எழுதினார், நோ குறைஞ்சிச்சு, அம்மாக்கு சந்தோசம். ரெண்டு மாசத்துல பிரஷர் ஏறிட்டு, கிளினிக்ல பிரஷர் குளிசைய கூட்டிட்டாங்க. அந்த நோக் குளிசை பிரஷர ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும் எண்டு ரெண்டு டொக்டருக்கும் நல்லா தெரியும், ஆனா இவர் எழுதினது அவருக்குத் தெரியாது, அவர் கூட்டினது இவருக்குத் தெரியாது. காசு போனது எங்களுக்கு.

உடனே எல்லாரும் சொல்லுறது, எல்லா டொக்டரும் ஒரே கட்டிடத்துல இருந்தா சரிவரும் எண்டு. எங்க சரிவரும்? தனியார் ஆஸ்பத்திரில பத்து ரூம், பத்து டொக்டர், ஒவ்வொரு கதவுக்கும் தனி நம்பர், தனி பீஸ். அது சந்தைக் கட்டிடத்துல கடை வாடகைக்கு எடுத்த மாதிரித்தான்.

அமெரிக்காவுல மேயோ கிளினிக் எண்டு ஒண்டு. அங்கயும் முந்தி ஒவ்வொரு டொக்டரும் தன்ட பேரேட்டுல தனித்தனியா எழுதினாங்க. 1907ல ஹென்றி பிளம்மர் எண்ட டொக்டர் அத மாத்தி, ஒரு நோயாளிக்கு ஒரு நம்பர், ஒரு பைல், எந்த டொக்டர் பாத்தாலும் அதுக்குள்ளதான் எழுதணும் எண்டு கொண்டு வந்தார். அங்க டொக்டர்மாருக்கு சம்பளம், ஒரு டெஸ்ட் கூடுதலா எழுதினாலும் அவங்கட பொக்கட்டுக்கு ஒண்டும் கூட வராது.

இன்னொரு ஆள் சிட்னி கார்பீல்ட் எண்ட டொக்டர், 1933ல கலிபோர்னியா பாலைவனத்துல வாய்க்கால் வேலைக்காரருக்கு 12 கட்டில் ஆஸ்பத்திரி நடத்தி, காசில்லாம முறியப் பாத்தவர். பிறகு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 சதம் முன்கூட்டியே வாங்கினாங்க. அதுக்குப் பிறகு மனுசன் வேலைத்தலத்துல நீட்டிக்கொண்டிருந்த ஆணியெல்லாம் அடிச்சு மடக்கித் திரிஞ்சாராம்! ஏனெண்டா முந்தி காயம் வந்தாத்தான் வருமானம், இப்ப காயம் வந்தா நட்டம். கைசர் பெர்மனென்டே எண்ட பெரிய அமைப்பு இதுலருந்துதான் வந்தது.

இது மிச்சம் பிடிக்குமா எண்டா, சியாட்டில்ல சீட்டுக் குலுக்கின மாதிரி ஆக்கள பிரிச்சுப் பாத்த பரிசோதனையொண்டு இருக்கு, 1984லயும் 1986லயும் முடிவு வந்தது. இப்படி முன்பணம் கட்டுற குழுவுல ஆஸ்பத்திரியில படுக்கிறது கிட்டத்தட்ட 40 வீதம் குறைவு, பொதுவா சுகம் பெரிசா கெடயில்ல. ஆனா இத கவனமா கேளுங்க, ஆரம்பத்துலயே வருத்தக்காரரா இருந்த ஏழைகளுக்கு மட்டும் நிலைமை மோசமா இருந்திச்சு. ஆத்துக்கு அந்தப்பக்கம் படுவான்கரையிலருந்து ரெண்டு பஸ் மாறி, பாதை எண்டுற மிதவைப் படகுல ஆத்தக் கடந்து வாற ஆக்களத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

மறுபக்கமும் இருக்கு. அமெரிக்காவுல பெரிய ஆஸ்பத்திரிகள் சின்னச் சின்ன டொக்டர் பிராக்டிஸ வாங்கி ஒண்டா சேத்தப்ப அந்த டொக்டர்மார்ட விலை சராசரியா 14 வீதம் ஏறினதா 2018ல ஒரு ஆய்வு வந்தது. டொக்டரும் அதே டொக்டர், ரூமும் அதே ரூம், பில்லுதான் வேற! ஆக, யார் சேர்றாங்க எண்டத விட காசு எப்படி வருது எண்டதுதான் எனக்குப் பெரிசு.

எங்கட இலங்கையிலயும் 2018 சுகாதாரக் கொள்கையில ஒரு ஆதார வைத்தியசாலையோட சுத்தியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகள ஒரு கொத்தா சேக்கிறது, ஆளுக்கு ஒரு சுகாதார இலக்கம் எண்டு எழுதியிருக்கு. நல்ல யோசனை. ஆனா கவர்மெண்ட் டொக்டர் பின்னேரம் தனியாவும் பாக்கலாம் எண்டு 1977லருந்து விட்டிருக்கு, காலையில கிளினிக்ல எழுதுற கொப்பி பின்னேர ரூமுக்குப் போறதில்ல, அந்த ஓட்டைய ஆரும் இன்னும் அடைக்கல்ல.

அம்மாட கதைய முடிக்கல்லதானே. போன கிளினிக்குக்கு இந்த பேக்க அப்படியே தூக்கிக்கொண்டு போய் டொக்டர்ட மேசையில கொட்டினன். நர்ஸ் மிஸ்ஸி ஏசினா. டொக்டர் ஒவ்வொண்டா எடுத்துப் பாத்துட்டு நோக் குளிசைய நிப்பாட்டினார், வெளிய எழுதினதையும் கிளினிக் கொப்பிட கடைசிப் பக்கத்துல எழுதி வைக்கச் சொன்னார். இப்ப பிரஷர் இறங்கிட்டு. அம்மாக்குத்தான் என்னோட கோவம், முழங்கால் திரும்ப நோகுதாம்.