பாட்டுக்குள் பேசுபவர் யார்?

அவையோருக்கு வணக்கம்.

பாடல் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின், 1992இல், காட்சியானது வரி சொல்வதையே காட்டலாம், அதற்கு மேல் ஒன்றைக் கூட்டலாம், அல்லது வரியோடு ஒட்டாமலே போகலாம் என்று வகுத்தார். முதல் வகையை நீட்டிப் பேச வேண்டியதில்லை. பாடகர் ‘நிலவே’ என்று வாய் திறக்குமுன் திரையில் நிலவு வந்து நிற்பதை நம் படங்களிலேயே வேண்டிய மட்டும் பார்த்துவிட்டோம். காட்சியால் ஆகக்கூடிய பெரிய வேலை, அந்த வரிகளைப் பேசுபவர் யார் என்று நிறுவுவதுதான் என்பது என் கருத்து.

அமெரிக்கக் கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ஹர்ட்’ பாட்டைவிட இதற்குத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ராக் இசைக்கலைஞர் டிரெண்ட் ரெஸ்னர் இருபதுகளின் இறுதியில், தம் நைன் இஞ்ச் நெய்ல்ஸ் குழுவின் பெயரில் 1994இல் வெளியிட்ட பாட்டு அது. ஊசியும் வலியும் தன்மேல் வெறுப்புமாக, வாழ்வின் தொடக்கத்திலேயே சலித்துப்போன இளைஞனின் குரல். 2002இல் கேஷ் அதைப் பாடியபோது, ஒரு வசைச்சொல்லை எடுத்துவிட்டு முள்முடி என்று வைத்ததைத் தவிரப் பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. ஆனால் மார்க் ரோமனெக் இயக்கிய காணொளி, எழுபதை எட்டித் தளர்ந்திருந்த கேஷை அவர் வீட்டிலேயே உட்காரவைத்து, டென்னசி மாநிலத்து ஹெண்டர்சன்வில்லில் மூடிக் கிடந்த அவருடைய அருங்காட்சியகத்தின் சிதைவையும், திடகாத்திரமாக அவர் மேடையேறிய காலத்துப் படத்துண்டுகளையும் இடையிடையே கோக்கிறது. தன் பேரரசு வெறும் புழுதி என்று பாட்டு சொல்லும் இடம், ரெஸ்னரின் வாயில் உருவகமாக இருந்தது. கேஷின் வாயில் அது சொத்துக் கணக்காகிவிடுகிறது. மாடிப்படியில் நின்று கணவரைப் பார்க்கும் ஜூன் கார்ட்டர் 2003 மே மாதம் காலமானார். செப்டம்பரில் கேஷும் மறைந்தார். தெரிந்தவர் எல்லாரும் கடைசியில் போய்விடுகிறார்கள் என்ற வரியை அதற்குப் பின் ஓர் இளைஞனின் புலம்பலாகக் கேட்க முடிவதில்லை. காணொளியைப் பார்த்த ரெஸ்னரே, இந்தப் பாட்டு இனித் தம்முடையதன்று என்னும் பொருள்படப் பேசினார். முடிவை ஒட்டி வரும் சிலுவைக் காட்சிகள் மட்டும் எனக்கு உறுத்துகின்றன. முள்முடி என்று காதில் விழுந்தபின் அதைக் கண்ணுக்கும் காட்டுவானேன்?

இதற்கு எதிர்த்திசையில், வரி காட்சியை ஆக்குவதும் உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் பிரின்ஸ் எழுதிய ‘நத்திங் கம்பேர்ஸ் 2 யு’ என்ற பிரிவுப் பாட்டை அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ’கானர் பாட, ஜான் மேபரி இயக்கிய 1990ஆம் ஆண்டுக் காணொளியில், பாரிஸ் அருகே பூங்காவில் ஓ’கானர் நடக்கும் காட்சிகளும் இருக்கின்றன. ஆனால் நேரத்தின் பெரும்பகுதி அவர் முகத்துக்கே போயிற்று. நீ நட்ட பூச்செடிகள் எல்லாம் வாடிவிட்டன என்ற வரியில் காதலியை ‘அம்மா’ என்று விளிக்கும் செல்லச்சொல் ஒன்று வருகிறது. 1985இல் விபத்தில் தாயைப் பறிகொடுத்திருந்த ஓ’கானருக்கு அந்த இடத்தில் கண்ணீர் வந்தது. தாயை நினைத்தே அழுததாகப் பின்னர் அவரே கூறினார். அதைத் திட்டமிட்டவர் எவருமில்லை. மேபரி செய்ததெல்லாம், படத்தொகுப்பில் அதை வெட்டாமல் விட்டதுதான்.