வான்கடேயில் அடித்த 186

வணக்கம் நேயர்களே.

கிரிக்கெட் வீரர் கெவின் பீட்டர்சன் இங்கிலாந்துக்காக 104 டெஸ்ட் ஆடினார், 8,181 ரன் எடுத்தார், 23 சதம் அடித்தார். கணக்கு அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் ஒரே ஒரு இன்னிங்ஸைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்வருவது நல்லது என்று எனக்குத் தோன்றியது. அந்த இன்னிங்ஸ் 2012 நவம்பரில் மும்பை வான்கடேயில் நடந்தது.

முதல் நாளிலிருந்தே பந்து திரும்ப வேண்டும் என்று கேப்டன் தோனி வெளிப்படையாகக் கேட்டிருந்தார். கேட்டது கிடைத்தது. அஸ்வின், ஹர்பஜன், ஓஜா என்று மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இந்தியா இறங்கியது. அதற்கு முந்தைய ஆமதாபாத் டெஸ்டில் இங்கிலாந்து ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. பீட்டர்சன் அங்கே எடுத்தது 17, 2. இரண்டு முறையும் இடதுகைச் சுழலர் ஓஜாவின் பந்தில் ஸ்டம்ப் பறந்தது.

அது அவருடைய பழைய நோய். ஆறடி நான்கு அங்குல உயரம். முன்காலை நீட்டி ஊன்றினால் அந்தக் கால் மரம் மாதிரி அங்கேயே நின்றுவிடும். எந்தப் பந்தையும் மிட்விக்கெட் பக்கம் இழுத்து அடிக்கிற கை. வலதுகைக்காரருக்கு இடதுகைச் சுழலரின் பந்து வெளியே திரும்பிப் போகும். அதைப் போய்க் குறுக்கே இழுத்தால் ஒன்று ஸ்டம்ப், இல்லாவிட்டால் எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்பை மறித்த காலில் பந்து பட்டு அவுட். 2008 டிசம்பரில் சேப்பாக்கத்தில் யுவராஜ் சிங்கூட அவரை ஒரே ரன்னில் எல்.பி.டபிள்யூ ஆக்கினார். பகுதிநேரப் பந்துவீச்சாளர்! அந்த யுவராஜை ஏளனம் செய்து பீட்டர்சன் பேசியதும் அதே பயணத்தில்தான். வாயும் மட்டையும் ஒரே வேகத்தில் ஓடிய மனிதர் அவர்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1980இல் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தார். அம்மா ஆங்கிலேயர். நட்டால் அணியில் அவர் ஆஃப் ஸ்பின்னராகவும் கீழ்வரிசையில் மட்டை பிடிப்பவராகவும் இருந்தார் என்றால் இன்று நம்பக் கஷ்டம்தான். வெள்ளையர் அல்லாத வீரர்களுக்கு இத்தனை இடம் என்ற விதி வந்தபோது, தனக்கு அநீதி நடந்துவிட்டது என்று சொல்லி இங்கிலாந்துக்குப் போனார். இடஒதுக்கீட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வரும்போது, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு நெரிசலாகத் தெரியும். இந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் அனுதாபம் கிடையாது. ஆனால் இருபது வயதில் ஊரை விட்டுப் போய், நான்கு ஆண்டு தகுதிக்காலம் காத்திருந்து, இன்னொரு நாட்டு அணிக்குள் நுழைவதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதை மறுக்க முடியாது.

இங்கிலாந்தில் முதலில் ஆடிய நாட்டிங்ஹாம்ஷயர் உள்ளூர் அணியிலேயே தகராறு. அவர் விலகப்போகிறார் என்று தெரிந்ததும், அவருடைய ஆட்டச் சாமான்களைக் கேப்டன் ஜேசன் கேலியன் பால்கனியிலிருந்து தூக்கி வீசினார் என்பது பிரசித்தமான கதை. அடுத்து 2005 தொடக்கத்தில் இங்கிலாந்து சட்டையில் தென்னாப்பிரிக்காவுக்கே போனார். மைதானம் முழுக்கக் கூச்சல், வசவு. சதமடித்தபோது சிலர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள். ஏழு ஒருநாள் ஆட்டத் தொடரில் மூன்று சதம். மூன்றாவது சதம் செஞ்சூரியனில். அதற்குள் கூட்டமே எழுந்து கைதட்டியது.

அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவோடு நடந்த ஆஷஸ் தொடரின் கடைசி நாளைப் பற்றிப் பலமுறை கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவல் மைதானத்தில் ஆட்டத்தை டிரா செய்தால் போதும், கோப்பை இங்கிலாந்துக்கு. 15 ரன்னில் அவர் கொடுத்த கேட்சை ஸ்லிப்பில் நின்ற ஷேன் வார்ன் விட்டார். ஹாம்ப்ஷயர் உள்ளூர் அணியில் அவருக்குக் கேப்டனாக இருந்த அதே வார்ன். டிராவுக்கு ஆடவேண்டிய நாளில் ஏழு சிக்சர், 158 ரன். தலையில் வேறு நடுவாக வெள்ளைச் சாயக் கோடு. இங்கிலாந்தில் அந்த மாதிரி ஒரு ஆளை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

2006இல் எட்ஜ்பாஸ்டனில் முரளிதரனின் பந்துக்குக் கையை மாற்றிப் பிடித்து, இடதுகைக்காரர்போல நின்று சிக்சர் அடித்தார். இரண்டாண்டு கழித்து நியூசிலாந்தின் ஸ்காட் ஸ்டைரிஸுக்கு எதிராக அதையே செய்தபோது, இது நியாயமா என்ற விவாதம் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. வரை போனது. விதிக்குள்தான் இருக்கிறது என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். இன்று பள்ளிப் பையன்கள்கூட இந்த ஸ்விட்ச் ஹிட்டை ஆடுகிறார்கள்.

2008 ஆகஸ்டில் கேப்டன் ஆனார். பயிற்சியாளர் பீட்டர் மூர்ஸோடு ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்திடம் அதைச் சொன்னார்; விஷயம் பத்திரிகைக்குக் கசிந்தது. 2009 ஜனவரி 7ஆம் தேதி இருவருக்கும் பதவி போனது. மூன்றே டெஸ்டில் கேப்டன் பதவி முடிந்துவிட்டது. தலைமைக்கு அவர் பொருத்தமா என்பது வேறு பேச்சு. ஒருவருடைய கருத்தை ரகசியமாகக் கேட்டு வாங்கிவிட்டு, அந்த ரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத வாரியத்தின் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

அடுத்த மாதமே ஐ.பி.எல். ஏலம். பெங்களூரு அணி அவரை 15 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. அவருக்கும் இங்கிலாந்து வாரியத்துக்கும் இடையில் அதற்குப் பிறகு நடந்த சண்டையில் பாதிக்கு மேல் இந்த ஐ.பி.எல்.தான் காரணம். பணத்தாசை பிடித்தவர் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. பணத்தில் அவருக்கு ஆசை இல்லாமலா? இருந்தது. ஆனால் அந்த அணியில் அவருக்குப் பணத்தோடு இன்னொன்றும் கிடைத்தது: ராகுல் திராவிடின் நட்பு.

இடதுகைச் சுழலில் மாட்டிக்கொண்டு தவித்த காலத்தில் பீட்டர்சன் திராவிடிடம் யோசனை கேட்டார். திராவிட் ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினார். பந்து எங்கே விழும் என்பதைச் சீக்கிரம் கணி. முன்காலைக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டாதே. வலைப்பயிற்சியில் உங்கள் அணிச் சுழலர்கள் ஸ்வானையும் பனேசரையும் வீசச் சொல்லி, காலில் பேட் கட்டாமல் ஆடிப் பார். காலுக்குக் காப்பு இல்லையென்றால் கால் தானாக ஒதுங்கும், மட்டை முன்னால் வரும், கண் பந்தை விட்டு நகராது. கடைசியில், உனக்குச் சுழற்பந்து ஆடத் தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதே என்று தைரியமும் சொல்லியிருந்தார். எதிரணி மட்டையாளருக்கு இப்படி எழுத திராவிடைத் தவிர யாருக்கு மனசு வரும்?

இப்போது 2012. மே மாதம் ஒருநாள் ஆட்டங்களிலிருந்து ஓய்வு என்றார். ஒருநாள் ஆடாவிட்டால் டி20யும் கிடையாது என்பது அன்றைய ஒப்பந்த விதி. ஆகஸ்டில் லீட்ஸில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர்கள் ஸ்டெயின், மோர்கெல், ஃபிலாண்டர் மூவரையும் அடித்து நொறுக்கி 149 எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து, அந்த டிரெஸ்ஸிங் ரூமில் தானாக இருப்பது கஷ்டம் என்று புலம்பினார். போதாக்குறைக்கு, தன் கேப்டன் ஸ்ட்ராஸைப் பற்றித் தென்னாப்பிரிக்க வீரர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார் என்ற செய்தி வெளியே வந்தது. அடுத்த டெஸ்டில் இடமில்லை. அது ஸ்ட்ராஸின் நூறாவது டெஸ்ட். அதோடு ஸ்ட்ராஸ் ஓய்வும் பெற்றுவிட்டார். எதிரணிக்குச் செய்தி அனுப்பியதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். அதேசமயம், பீட்டர்சனைக் கேலி செய்து ட்விட்டரில் ஒரு போலிக் கணக்கு ஓடியது. நடத்தியவர் அணி வீரர் ஒருவரின் நண்பர். சக வீரர்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கை தட்டி ஓசை வராது.

செப்டம்பரில் இலங்கையில் டி20 உலகக் கோப்பை. 2010இல் இங்கிலாந்து அதே கோப்பையை வென்றபோது தொடர் நாயகன் பீட்டர்சன். இப்போது அவர் தொலைக்காட்சி அரங்கில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து கருத்துச் சொன்னார். புதிய டெஸ்ட் கேப்டன் குக் அவர் வேண்டுமென்று நின்றதால், மன்னிப்புப் படலமெல்லாம் முடிந்து இந்தியப் பயணத்தில் சேர்க்கப்பட்டார். இப்படித்தான் வான்கடேக்கு வந்து சேர்ந்தார்.

68 ரன்னுக்கு இரண்டு விக்கெட் என்ற நிலையில் இறங்கினார். எதிர்முனையில் குக். இருவரும் சேர்ந்து 206. குக் ஆடியது பார்த்துப் பார்த்துத் தைத்த தையல். பீட்டர்சன் ஆடியதற்கு எனக்கு உவமை கிடைக்கவில்லை. ஓஜாவின் பந்தைக் கவருக்கு மேலே தூக்கி சிக்சர் அடித்தபோது முன்காலைப் பாருங்கள். பதிவு கிடைத்தால் அந்தக் காலை மட்டும் பாருங்கள். அது ஒதுங்கி நிற்கிறது. 233 பந்தில் 186. கடைசியில் அதே ஓஜாவிடம் தோனி பிடித்த கேட்ச். இங்கிலாந்து பத்து விக்கெட்டில் வென்றது, 1984-85க்குப் பிறகு முதன்முறையாக இந்தியாவில் தொடரையும் வென்றது. தோனி கேட்டு வாங்கிய ஆடுகளத்தில் பனேசருக்குப் பதினொரு விக்கெட், ஸ்வானுக்கு எட்டு. வலையில் பேட் கட்டாமல் ஆடிப் பார் என்று திராவிட் குறிப்பிட்ட அதே இருவர்.

அதற்குப் பிறகு பதினைந்து மாதம்கூட அவர் நீடிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 5-0 தோல்வி. அதிலும் இங்கிலாந்துக்காக அதிக ரன் எடுத்தவர் அவரே. 2014 பிப்ரவரியில் இனி நீ வேண்டாம் என்றது வாரியம். 2015 மே மாதம் சர்ரே உள்ளூர் அணிக்காக ஒரு நாள் ஆட்ட முடிவில் முச்சதம் கடந்து 326இல் நின்றார். அன்று மாலை வாரியத்தின் புதிய இயக்குநர் அவரை அழைத்து, நம்பிக்கை இல்லை, சேர்க்க முடியாது என்றார். அந்த இயக்குநர் வேறு யாருமில்லை, ஸ்ட்ராஸ். மறுநாள் போய் 355 நாட் அவுட். அதே ஸ்ட்ராஸ் காலத்தில்தான் இங்கிலாந்து வீரர்கள் ஐ.பி.எல். ஆடினால் பாடம் கற்றுக்கொள்வார்கள் என்று வாரியம் மனம் மாறியது. பீட்டர்சன் கேட்டது இதைத்தானே!

2021 ஜனவரியில் இங்கிலாந்து அணி இலங்கையின் காலியில் ஆடிக்கொண்டிருந்தது. இடதுகைச் சுழலர் எம்புல்தெனியவிடம் தொடக்க வீரர்கள் சிப்லியும் கிராலியும் மாறி மாறி விழுந்தார்கள். பீட்டர்சன் அந்தப் பழைய மின்னஞ்சலைத் தேடியெடுத்து, இதை அச்செடுத்து இருவர் கையிலும் கொடுங்கள் என்று ட்விட்டரில் போட்டார். சிப்லி அதைப் படித்தாரோ இல்லையோ, கடைசி இன்னிங்ஸில் 56 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

நன்றி, வணக்கம்.